புதிய பிகோனியாவை அறிவிக்கும் முன் திறக்கப்படும் பழைய புத்தகம்: ஜோசப் ஹூக்கரின் கதை

'அருணாச்சலக் காட்டில் புதிய பிகோனியா கண்டுபிடிப்பு' என்ற மாதிரியான செய்தி அவ்வப்போது உங்கள் போனில் வந்து போயிருக்கும். ஈரப் பாறை, ஒரு பக்கம் பெரிசும் மறுபக்கம் சிறிசுமாகக் கோணலான இலை, வெள்ளையோ இளஞ்சிவப்போ பூ. படத்தைப் பார்த்துவிட்டு, இதே செடி நம்ம ஆபீஸ் வரவேற்பறைத் தொட்டியில் இருக்கே என்று நினைத்தபடி விரலைத் தள்ளியிருப்பீர்கள்.

கொஞ்சம் நில்லுங்கள். 2025-ல் அருணாச்சலத்தின் கிழக்கு காமெங் மாவட்டத்து மலைச்சரிவிலிருந்து அப்படி ஒரு செடி அறிவிக்கப்பட்டது. இலைக்காம்பில் சிவப்பான, ஓரம் கிழிந்த செதில்கள். அங்கே வாழும் நியிஷி மக்களின் நினைவாக அதற்குப் பிகோனியா நியிஷியோரம் என்று பெயர். லத்தீனில் அந்த 'ஓரம்' விகுதிக்கு 'அவர்களுடைய' என்று பொருள். அதாவது, நியிஷிகளுடைய பிகோனியா.

செடி அங்கே காலங்காலமாக இருக்கிறது. வடகிழக்கு மலைகளில் பிகோனியாத் தண்டைப் பறித்துத் தோலுரித்து மெல்லுவதும், புளிப்புக்காகச் சமையலில் சேர்ப்பதும் சாதாரண விஷயம். அப்படியானால் புதிசாக நடந்தது என்ன?

நடந்தது ஒரு ஒப்பீடு. இந்தச் செடியை இதற்குமுன் யாரும் விவரித்துப் பெயர் வைக்கவில்லை என்று நிரூபித்தால்தான் அது 'புதிய இனம்'. இல்லாத ஒன்றை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று டேட்டாவோடு வேலை செய்பவர்களுக்குத் தெரியும். முழு டேட்டாபேஸும் கையில் இருந்தால்தான் ஒரு வரி அதில் இல்லை என்று சொல்ல முடியும். இந்தியச் செடிகளைப் பொறுத்தவரை அந்த டேட்டாபேஸின் பழைய, பெரிய பகுதி ஏழு தொகுதிகளாக அச்சாகி இருக்கிறது. பெயர் 'ஃப்ளோரா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா'. முதல் பகுதி 1872-ல் வந்தது, கடைசித் தொகுதி 1897-ல். தொகுத்தவர் ஜோசப் டால்டன் ஹூக்கர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புதிய இனம் என்று அறிவிக்க யாருடைய புத்தகத்தைத் திறக்கிறோமோ, அந்த மனிதருக்குப் 'புதிய இனம்' என்ற பேச்சே பெரும்பாலும் பிடிக்காது.

அப்பாவின் வகுப்பில் ஒரு சிறுவன்

ஹூக்கர் 1817 ஜூன் 30 அன்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஹேல்ஸ்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். ஏழு வயதிலேயே பையன் அப்பாவின் விரிவுரைகளுக்குப் போய் உட்கார்ந்தான். வீடு முழுக்க உலர்ந்த செடிகள் ஒட்டிய தாள்கள். உலகின் எந்த மூலையிலிருந்து எந்தச் செடி வந்தாலும் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று வீட்டிலேயே இருக்கும். இந்த வசதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கு வேர் இதில்தான் இருக்கிறது.

1839-ல் மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு, 22 வயதில் எரெபஸ் என்ற கப்பலில் உதவி மருத்துவராக ஏறினார். ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் அன்டார்டிகா பக்கம் போன பயணம் அது. நான்கு வருடம். நியூசிலாந்து, டாஸ்மேனியா, தெற்குக் கடல் தீவுகள் என்று ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் ஒரே மாதிரியான செடிகளைப் பார்த்தார். ஒரே செடி இடத்துக்கு இடம் எவ்வளவு மாறித் தெரியும் என்ற எண்ணம் அப்போதே அவருக்குள் வேர்விட்டது.

ஊர் திரும்பியதும் சார்லஸ் டார்வினின் நட்பு கிடைத்தது. இனங்கள் மாறாதவை அல்ல என்ற தன் சந்தேகத்தை டார்வின் 1844 ஜனவரியில் முதன்முதலாக மனம்விட்டு எழுதிய மிகச் சிலரில் ஹூக்கரும் ஒருவர். புத்தகம் வெளியாவதற்குப் பதினைந்து வருடம் முன்பு.

56 பேர், ஒரு கையெழுத்து

1847 நவம்பரில் ஹூக்கர் இந்தியாவுக்குக் கிளம்பினார். அரசாங்கம் வருடத்துக்கு 400 பவுண்டு கொடுத்தது. வழியில், கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்க வந்துகொண்டிருந்த டல்ஹௌசியும் துணை. 1848 ஜனவரியில் கல்கத்தா, ஏப்ரலில் டார்ஜிலிங். அங்கே பிரையன் ஹாட்ஜ்சன் வீட்டில் தங்கினார். இமயமலைப் பறவைகள், மொழிகள், பௌத்த நூல்கள் என்று எல்லாவற்றையும் சேகரித்துக்கொண்டிருந்த ஹாட்ஜ்சன் அவருக்கு நெருங்கிய நண்பரானார்.

அந்த அக்டோபரில் கிழக்கு நேபாளம் பக்கம் கிளம்பிய முதல் பெரிய பயணத்தில் மொத்தம் 56 பேர். காவலர்கள், சமையல்காரர், சுமை தூக்கிகள், செடி பறிப்பவர்கள், தாள் மாற்றுபவர்கள். இதில் தாள் மாற்றுவதுதான் உயிரான வேலை. பறித்த செடியை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும். ஈரமான தாளை எடுத்துத் தீயில் காயவைத்து மறுபடி வைக்க வேண்டும். விட்டால் இரண்டே நாளில் பூஞ்சை. சிக்கிமின் மழைக்காலத்தில், அட்டைகள் காலில் தொங்க, கூடாரத்தில் புகை மண்ட, தினமும் இதைச் செய்தார்கள். லெப்சா இளைஞர்கள் பலர் இதில் தேர்ந்தவர்கள். எந்தச் செடி எந்தச் சரிவில் வளரும், எதைச் சாப்பிடலாம், எது விஷம் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் ஹூக்கருக்குத் தெரிய வந்தது. தன் பயண நூலில் இதை அவர் மறைக்கவில்லை, லெப்சாக்களைப் பிரியத்தோடுதான் எழுதினார்.

ஆனால் பயண நூல் வேறு, மாதிரித் தாள் வேறு. ஹூக்கரும் நண்பர் தாமஸ் தாம்சனும் விநியோகித்த இந்திய மாதிரித் தாள்கள் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. அச்சடித்த சின்னச் சீட்டு. இடம்: சிக்கிம். மண்டலம்: மிதவெப்பம். உயரம்: இத்தனை ஆயிரம் அடியிலிருந்து இத்தனை ஆயிரம் அடி வரை. சேகரித்தவர்: ஜே.டி.எச். பல தாள்களில் அவ்வளவுதான் தகவல்.

இப்படி ஒரு எக்செல் ஷீட்டை உங்களிடம் யாராவது கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். 'சிக்கிம்' என்பது ஒரு முகவரியா? பிகோனியா ஒரே ஒரு ஓடையின் கரையில் மட்டும் வளரக்கூடிய செடி. எந்த ஓடை? தேதி? பறித்த கை யாருடையது? கடைசிக் கேள்விக்கான பத்தியே அந்தச் சீட்டில் இல்லை. மூன்று எழுத்து மட்டும் இருக்கிறது.

சிறைப்பட்ட தாவரவியலாளர்

சிக்கிம் மன்னருக்கு ஹூக்கரின் பயணத்தில் ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை. செடி பறிக்கும் ஆள் கூடவே வரைபடமும் வரைகிறார், கணவாய்களின் உயரம் அளக்கிறார் என்றால் எந்த அரசுக்குத்தான் சந்தேகம் வராது? ஹூக்கர் உண்மையிலேயே வரைபடம் வரைந்துகொண்டுதான் இருந்தார். 1849-ல் டார்ஜிலிங் கண்காணிப்பாளர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல்லும் அவரோடு சேர்ந்துகொள்ள, இருவரும் திபெத் எல்லைக்குள்ளும் கால்வைத்தார்கள். நவம்பர் 7 அன்று சிக்கிம் திவானின் ஆட்கள் அவர்களைப் பிடித்தார்கள். கோபமெல்லாம் கேம்பெல் மேல்தான். அடி விழுந்ததும் அவருக்குத்தான். ஹூக்கர் நினைத்திருந்தால் போயிருக்கலாம், ஆனால் நண்பரை விட்டுப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இருவரும் டார்ஜிலிங் திரும்பினார்கள்.

இதற்கான விலையைச் சிக்கிம் கொடுத்தது. தராய் சமவெளி நிலத்தை ஆங்கிலேயர் பறித்துக்கொண்டார்கள், மன்னருக்குக் கொடுத்துவந்த ஆண்டுத் தொகையையும் நிறுத்தினார்கள்.

200 ஆள் சுமை

1850-ல் தாம்சனோடு காசி மலைகளுக்குப் போனார் ஹூக்கர். இன்றைய மேகாலயா. சிரபுஞ்சி மழையில் நனைந்தபடி சேர்த்தது ஏறக்குறைய 2,500 இனங்கள், 200 ஆள் சுமை. உலகில் இதுபோல் செடிவளம் குவிந்த இடங்கள் அபூர்வம். பிகோனியாக்களுக்கும் அது வீடு.

அங்கேதான் நீலவாண்டா ஆர்க்கிட்டைக் கண்டார்கள். வெளிர்நீலப் பூங்கொத்து, ஓக் மரங்களில் தொற்றி வளர்வது. கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை பறித்தார்கள். இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தது சொற்பம். இடத்தைத் தெரிந்துகொள்ள இன்னொருவர் தன் தோட்டக்காரரை அவர்களோடு அனுப்பியிருந்தார். அவர் அனுப்பிய ஒரே ஒரு ஆள் சுமை, மோசமான நிலையில் போய்ச் சேர்ந்தும், 300 பவுண்டுக்கு விற்றது. ஹூக்கரின் ஓராண்டு உதவித்தொகையே 400 பவுண்டுதான். சேகரிப்பாளர்கள் காடுகளை எப்படி உரித்துப் போட்டார்கள் என்பதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். தன் ஏழு சுமையை அந்தக் கணக்கில் சேர்த்தாரா என்பது வேறு கேள்வி.

இந்த ஆர்க்கிட் வெறிக்கும் பிகோனியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1856-ல் அசாமிலிருந்து லண்டன் ஏலத்துக்குப் போன ஆர்க்கிட்களோடு ஒட்டிக்கொண்டு ஒரு செடி போனது. இலையில் வெள்ளி வளையம். அடுத்த வருடமே பிகோனியா ரெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்று நர்சரிகளில் நீங்கள் வாங்கும் வண்ண இலைப் பிகோனியாக்களில் பெரும்பாலானவற்றின் மூதாதை அதுதான். ஆபீஸ் தொட்டியில் இருப்பதும் அதன் வாரிசாக இருக்கலாம்.

வரைந்தவர்கள் யார்?

ஹூக்கர் தாம்சனோடு சேர்ந்து பெயர் வைத்த பிகோனியாக்களில் பிகோனியா ஜெம்மிபாரா என்றொன்று உண்டு. இலைக் கக்கத்தில் குட்டிக் குமிழ்மொட்டுகள் உருவாகும் சிக்கிம் செடி. பெயரின் பொருளும் அதுதான், மொட்டு ஈனுவது. 1855-ல் வெளியான 'இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் ஹிமாலயன் பிளான்ட்ஸ்' என்ற பெரிய படநூலில் அது வந்தது.

அந்தப் படங்களின் கதையைக் கேளுங்கள். வங்காள சிவில் சர்வீஸில் இருந்த கேத்கார்ட் என்பவர் டார்ஜிலிங்கில் இந்திய ஓவியர்களை வேலைக்கு அமர்த்தி, நூற்றுக்கணக்கில் செடிகளை வரையவைத்தார். ஊர் திரும்பும் வழியில் 1851-ல் சுவிட்சர்லாந்தில் இறந்துபோனார். ஓவியங்கள் கியூவுக்கு வந்தன. அவை விறைப்பாக இருக்கின்றன, தாவரவியல் நுட்பம் போதவில்லை என்று ஹூக்கருக்குக் குறை. வால்டர் ஃபிட்ச் என்ற ஆங்கிலேய ஓவியர் திருத்தி மறுபடி வரைந்தார். நூலில் ஹூக்கர் பெயர் இருக்கிறது, கேத்கார்ட் பெயர் இருக்கிறது, ஃபிட்ச் பெயர் இருக்கிறது. உயிருள்ள செடியை எதிரில் வைத்து வரைந்த ஓவியர்களின் பெயர்கள் நூலின் தலைப்புப் பக்கத்தில் இல்லை.

ஒன்றா, ரெண்டா?

இப்போது அந்த வேடிக்கைக்கு வருவோம்.

இனங்களை வகைப்படுத்துவோரில் இரண்டு கட்சி உண்டு. சின்ன வித்தியாசத்தைக் கண்டாலும் தனி இனம் என்று பிரிப்பவர்கள் ஒரு கட்சி. ஆங்கிலத்தில் இவர்களை ஸ்ப்ளிட்டர் என்பார்கள். இதெல்லாம் ஒரே இனத்தின் பல முகம்தான் என்று சேர்த்துக் கட்டுபவர்கள் இன்னொரு கட்சி. இவர்கள் லம்பர். ஹூக்கர் இந்த இரண்டாவது கட்சியின் தலைவர் மாதிரி.

1855-ல் அவரும் தாம்சனும் 'ஃப்ளோரா இண்டிகா' என்ற நூலின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பணம் கொடுக்காததால் அதோடு நின்றுபோனது. அதன் முன்னுரையே ஒரு தனிப் புத்தகம் அளவுக்கு நீளம். தாவரவியலாளர்கள் காய்ந்த துண்டுகளை வைத்துக்கொண்டு, தேவையில்லாமல் இனங்களைப் பெருக்கித் தள்ளுகிறார்கள் என்பது அதில் முக்கியக் குற்றச்சாட்டு. மலையடிவாரத்தில் ஆளுயரம் வளரும் செடி உச்சியில் ஒரு சாண் இருக்கும், நடுவில் எல்லா உயரத்திலும் இருக்கும். இரு முனைகளை மட்டும் பார்த்தவர் இரண்டு பெயர் வைப்பார். வழிநெடுக நடந்தவருக்குத்தான் அது ஒன்று என்று தெரியும். நடந்தே பார்த்த மனிதர் சொன்னதால் வாதத்துக்கு வலு இருந்தது.

ஆனால் அதே வாதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நியூசிலாந்தில் வில்லியம் கொலென்ஸோ என்ற மிஷனரி பல வருடம் அந்த நாட்டுக் காடுகளில் அலைந்து செடி அனுப்பினார். இது புதிசு, அதுவும் புதிசு என்று அவர் எழுத, ஹூக்கர் தட்டிக்கழித்தார். உங்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க உலகச் சேகரம் இல்லை, எனவே உங்களால் முடிவு செய்ய முடியாது என்பதுதான் பதிலின் சாரம். உலகச் சேகரம் எங்கே இருக்கிறது? லண்டனில், கியூவில். அங்கே 1841 முதல் இயக்குநர் யார்? ஹூக்கரின் அப்பா. 1865-ல் அவர் இறந்தபின் 1885 வரை ஹூக்கரே.

புரிகிறதா? செடி வளரும் இடத்தில் இருப்பவர் பறித்து அனுப்பலாம். அது என்ன என்று சொல்லும் உரிமை தாள்கள் குவிந்திருக்கும் இடத்துக்கு. எனக்கு இதை வெறும் அறிவியல் கருத்து வேறுபாடு என்று பார்க்க முடியவில்லை. அதே சமயம், ஹூக்கர் சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியாது. ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் வைத்த குழப்பத்தை அவர் கட்சிதான் பெரிய அளவில் துடைத்தது.

டார்வினின் நண்பர் என்பதால் இது முரணாகத் தோன்றலாம். இனங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்றால் அவற்றுக்கு நடுவே கோடு போடுவது சிரமம்தானே, அதனால் நிறைய மாறுபாட்டுக்கு இடம் கொடுத்துக் கோட்டைத் தள்ளிப் போடுவோம் என்று அவர் யோசித்ததாக எடுத்துக்கொண்டால் முரண் குறையும். 1858 ஜூலை 1 அன்று லின்னியன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகளும் வாசிக்கப்பட ஏற்பாடு செய்ததில் ஹூக்கரும் இருந்தார். 1863-ல் ஆறு வயது மகள் மின்னி இறந்தபோது, ஒரு மணி நேரத்துக்குள் அவர் எழுதியது டார்வினுக்குத்தான். டார்வினும் மகளை இழந்தவர்.

ஏழு தொகுதிகள்

கியூ இயக்குநராக இருந்த இருபது வருடத்தில் சின்கோனா, ரப்பர் போன்ற பணப்பயிர்களைக் கண்டம் விட்டுக் கண்டம் கடத்தியதிலும் அந்தத் தோட்டம் முக்கியக் கண்ணி. பிரேசிலிலிருந்து 1876-ல் வந்த ரப்பர் விதைகள் கியூவில் முளைத்துத்தான் இலங்கைக்குக் கப்பலேறின. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

நமக்கு வேண்டியது 'ஃப்ளோரா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா'. பலர் பகுதி பகுதியாக எழுத, ஹூக்கர் தொகுத்தார், பெரும்பகுதியைத் தானே எழுதினார். பிகோனியாப் பகுதி 1879-ல் இரண்டாம் தொகுதியில் வந்தது. எழுதியவர் சார்லஸ் பாரன் கிளார்க். இவர் கணிதம் படித்தவர், வங்காளத்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரி. ஆய்வுக்குப் போகும் வழியெல்லாம் செடி பறித்தவர்.

பிகோனியா ஏன் கஷ்டம் என்று இங்கே சொல்லியாக வேண்டும். உலகில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பேரினம் இது. தண்டும் இலையும் நீர் நிறைந்தவை. அழுத்தி உலர்த்தினால் நிறம் போய், பூ சுருங்கி, கறுத்த காகிதம் மாதிரி ஆகிவிடும். ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒன்று இருக்கும் தாளில் இன்னொன்று சில சமயம் இருக்காது. காய்க்குச் சிறகுகள் உண்டு, அதன் வடிவம் அடையாளத்துக்கு முக்கியம், ஆனால் பூக்கும்போது பறித்தால் காய் கிடைக்காது. நூறு வருடத்துக்கு முன் உலர்ந்த அப்படியொரு தாளை, நேற்று காட்டில் எடுத்த கலர் போட்டோவோடு ஒப்பிடுங்கள் பார்க்கலாம்.

இன்றைக்கும் ஒரு புதிய பிகோனியாவை அறிவிப்பவர்கள் செய்வது இதைத்தான். காம்புச் செதில், இதழ் எண்ணிக்கை, காயின் உள்ளறைகள் என்று ஒவ்வொன்றாக அளந்து, நெருங்கிய இனங்களின் டைப் மாதிரியோடு வைத்துப் பார்ப்பார்கள். ஒரு பெயர் எந்தத் தாளைக் குறிக்கிறதோ அதுதான் அந்த இனத்தின் டைப் மாதிரி. டேட்டாபேஸ் மொழியில் பிரைமரி கீ. 1958 முதல் டைப்பைக் குறிப்பிடாமல் புதிய பெயர் செல்லாது. 2012 வரை லத்தீனிலும் விவரிக்க வேண்டியிருந்தது, அதன்பின் ஆங்கிலம் போதும் என்று விதி தளர்ந்தது.

வடகிழக்கு இந்தியாவின் பழைய பிகோனியா டைப்புகள் பலவும் கியூவில் இருக்கின்றன. 70 லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் கொண்ட இடம் அது. இப்போது படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிறார்கள், அதனால் இட்டாநகரில் உட்கார்ந்தபடியே பலவற்றைப் பார்க்கலாம். ஆனால் படத்தில் பூவைப் பிரித்துப் பார்க்க முடியாது. தன் ஊர்ச் செடியின் மூலத்தைப் பார்க்க விசா எடுக்க வேண்டிய நிலை முழுசாகப் போய்விடவில்லை. புதிதாக விவரிக்கப்படுபவை அப்படிப் போகாமல் இருக்கச் சட்டம் இருக்கிறது. 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனம் எதுவானாலும் அரசு குறிப்பிட்ட இந்தியக் காப்பகத்தில் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும்.

லம்பரா, ஸ்ப்ளிட்டரா என்ற பழைய சண்டை இன்றும் காகிதத்தோடு நிற்பதில்லை. ஒரு மலைச்சரிவில் மட்டும் வளரும் பிகோனியாவைத் தனி இனம் என்று ஏற்றுக்கொண்டால், அழிவு அபாயப் பட்டியலில் அதற்குத் தனி மதிப்பீடு செய்யலாம். அந்தச் சரிவில் சாலை வெட்டும்போது, இங்கே மட்டும் இருக்கும் ஒன்று போகிறது என்று யாராவது எழுதலாம். பரவலாக இருக்கும் இன்னொரு இனத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால், போவது ஒரு செடிக்கூட்டம் மட்டும். கணக்கில் ஒன்றும் குறையாது.

கடைசி வேலை

1885-ல் ஓய்வு பெற்றபின் ஹூக்கர் சன்னிங்டேலில் குடியேறினார். ஃப்ளோராவை முடித்தார். எண்பதைத் தாண்டிய பிறகு, காசித்தும்பையின் பேரினமான இம்பேஷியன்ஸை எடுத்துக்கொண்டார். பிகோனியாவை விட மோசமாக உலரும் செடி. பூ ஒரு ஈரத் துணுக்கு, தாளில் ஒட்டினால் சவ்வு. ஒவ்வொன்றையும் நீரில் ஊறவைத்து மென்மையாக்கி, லென்ஸுக்குக் கீழே ஊசியால் இதழ் இதழாகப் பிரிக்க வேண்டும். தொண்ணூறு வயது விரல்கள் அதைச் செய்தன.

அங்கே அவருடைய பழைய கணக்கு தடுமாறியது. இமயமலையின் கிழக்கில் இருப்பவை மேற்கில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவற்றுக்கு இமயமலையோடு ஏறக்குறைய தொடர்பே இல்லை. பர்மாவில் இருப்பவை வேறு. ஒவ்வொரு மலைக்கும் அதனதன் தும்பைகள். சேர்த்துக் கட்ட முயன்றால் கட்டு நிற்கவில்லை. வாழ்நாள் முழுக்க இனங்களைப் பெருக்காதீர்கள் என்று சொன்னவர், கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இம்பேஷியன்ஸில் மட்டும் நூற்றுக்கணக்கான புதிய இனங்களை விவரித்தார். இந்தியத் தும்பைகளைப் பற்றிய அவருடைய சுருக்கநூல் 1904 முதல் 1906 வரை வெளியானது, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பதிவேட்டில். அருணாச்சலத்தில் புதிய பிகோனியாக்களை விவரித்துக்கொண்டிருக்கும் அதே நிறுவனம்.

1911 டிசம்பர் 10 அன்று, 94 வயதில் இறந்தார். சில மாதங்கள் முன்பு வரை தும்பைத் தாள்கள் மேசையில் இருந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் டார்வினுக்குப் பக்கத்தில் இடம் தரத் தயாராக இருந்தார்கள். கியூவில் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

அவர் முதல் பெயரைத் தாங்கிய பிகோனியா ஒன்றும் இருக்கிறது. 1859-ல் டி கேண்டோல் பெயரிட்ட பிகோனியா ஜோசஃபி. மழைக்காலத்தில் சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் நிழலான ஈரப் பாறைகளில் பார்க்கலாம். சின்னச் செடிதான், குனிந்து தேட வேண்டும்.